ஆற்றை அளக்குஞ் செலவு யாருடையது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கை முழுவதையும் உலுக்கிச் சென்றது. 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைநாட்டில் மண் சரிந்து ஊர்களைப் புதைத்தது. அருவியாறு பெருக்கெடுத்து மன்னார் மாவட்டத்தின் வயல்களையும் குடிமனைகளையும் மூழ்கடித்தது. நிவாரணம் பற்றியும் நட்டஈடு பற்றியும் பலரும் பேசினர், பேசப்படவேண்டியவையே. ஆயினும், வெள்ளம் வருமுன் அதனை அளந்தறியுஞ் செலவை யார் ஏற்பது என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே.

அருவியாற்றையே எடுத்துக்கொள்வோம். 164 கிலோமீற்றர் நீளமுடைய இந்த ஆறு வடமத்திய மாகாணத்திலே தோன்றி, மல்வத்து ஓயா என்னும் பெயருடன் அநுராதபுரத்தைக் கடந்து, மன்னார்க் கடலிற் கலக்கின்றது. தேக்கம் அணையிலிருந்து கட்டுக்கரைக்குளத்துக்கு நீர் வழங்குவதும் இதுவே. மன்னார்க் கமக்காரனுக்கு வாழ்வளிக்கும் இவ்வாறு, மேற்புறத்திலே பெருமழை பெய்து, நாச்சதுவ போன்ற குளங்கள் நிரம்பி வழியும்போது அவனுக்கே பகையாகிவிடுகின்றது. தந்திரிமலையில் நீர்மட்டம் ஏறுகின்றதென்று உரிய வேளையில் அறிந்தால், நானாட்டானிலும் முசலியிலும் உள்ளோர் குழந்தைகளையும் கால்நடைகளையும் மேட்டுநிலஞ் சேர்க்கலாம். அறியாவிடின், இரவோடிரவாக வெள்ளமே வந்து கதவைத் தட்டும்.

இங்கேதான் சிக்கல் பிறக்கின்றது. அளவுகோல் நிற்பது ஒரு மாகாணத்தில். அதனாற் காக்கப்படுவோர் வாழ்வது மற்றொரு மாகாணத்தில். நானாட்டான் பிரதேச சபை அநுராதபுர மாவட்டத்திலே சென்று அளவுநிலையம் அமைக்க முடியுமா? 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தமும் பல மாகாணங்களூடாகப் பாயும் ஆறுகளின் நீர்ப்பாசனத்தை மத்திய அரசின் கையிலேயே விட்டுள்ளது. அதிகாரம் எங்கே உள்ளதோ அங்கேயே முதற்பொறுப்பும் இருத்தல் வேண்டும். அதிகாரத்தைக் கொழும்பு வைத்துக்கொண்டு, செலவை மன்னாரின் தலையிற் சுமத்துவது நீதியாகாது.

இன்னொன்றையும் தெளிவாக உணரவேண்டும். கோல் நடுவது ஒருநாட் செலவு. அதனைப் பேணுவதோ ஆண்டாண்டுச் செலவு. நீரின் உயரத்தை மாத்திரம் பார்த்தாற் போதாது. எவ்வுயரத்தில் எவ்வளவு நீர் பாய்கின்றதென்பதை ஆற்றிலிறங்கி வேகமளந்து கணித்தல் வேண்டும். ஒவ்வொரு பெருவெள்ளமும் ஆற்றின் அடித்தளத்தை மாற்றிவிடும். மணல் அகழ்வும் மாற்றிவிடும். எனவே, பழைய கணக்கு பொய்த்துப்போகும், மறுபடி அளக்கவேண்டும். கருவி வழங்கும் விழாவிற்கு அமைச்சர்கள் வருவர். பத்தாண்டு கழித்து அதனைத் திருத்துதற்குப் பணங்கேட்டால் எவர் வருவர்?

அமெரிக்காவில் இவ்வினா நெடுங்காலத்துக்கு முன்பே எழுந்தது. 1895ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் மத்திய புவியியல் அளவைத் துறை மாநிலங்களோடும் உள்ளூர் நிறுவனங்களோடும் செலவைப் பகிர்ந்து ஆறுகளை அளந்து வருகின்றது. அளப்பது ஒரே துறை. பணந் தருவோர் பலர். பெறப்படுங் கணக்கு யாவர்க்கும் பொது. இது நன்மை. ஆனால், உள்ளூர்ப் பங்காளியிடம் பணம் வற்றினால் அளவுநிலையமும் மூடப்படும் அபாயம் அங்கே உண்டு. இது தீமை. நன்மையைக் கொள்வோம்; தீமையைத் தவிர்ப்போம்.

எனவே, நாம் வேண்டுவது இதுதான். மாகாணங்களைக் கடக்கும் ஆறுகளில் அளவுநிலையம் அமைத்தல், கணித்தல், புதுப்பித்தல் ஆகியவற்றின் செலவைத் திறைசேரி ஏற்கவேண்டும். நாளாந்தப் பராமரிப்பிற்கு, ஆற்றுநீராற் பயன்பெறும் குடிநீர், மின்சார நிறுவனங்களும் இருபுறத்து மாகாண நிருவாகங்களும் தத்தம் வருவாய்க்கேற்பப் பங்களிக்க வேண்டும். கமக்காரர் அமைப்புகளிடம் பணங் கேட்கவேண்டாம். கோலைக் காக்கும் காவலையும், வெள்ள வேளையிற் செய்தியை வீடுவீடாய்ச் சேர்க்கும் உழைப்பையும் அவர்கள் மனமுவந்து தருவர். பங்காளி ஒருவர் பணந் தரவில்லையென்ற காரணத்தால் எந்த நிலையமும் மூடப்படலாகாது; அக்குறையைத் திறைசேரியே நிரப்பவேண்டும்.

செலவிற் பங்குகொள்வோர்க்கு உரிமையிலும் பங்குண்டு. தந்திரிமலையின் அளவு கொழும்புக்கு எட்டும் அதே வேளையில் மன்னாருக்கும் எட்டவேண்டும், தமிழிலும் எட்டவேண்டும். விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை வாராத எச்சரிக்கைக்கு ஒப்பானதே.

வெள்ளத்தின்பின் கொடுக்கும் உலருணவுப் பொதிக்குக் கணக்குண்டு. இடிந்த பாலத்துக்குங் கணக்குண்டு. அவ்விழப்புகளைக் குறைக்கவல்ல ஓர் அளவுகோலுக்கும் அதனைக் காக்கும் ஊழியனுக்கும் வரவுசெலவுத் திட்டத்தில் நிலையான ஓரிடம் வேண்டும். அடுத்த மாரிக்கு முன் அரசு இதற்கு விடை கூறட்டும்.