அம்புக்குறிக்குள் அடங்காத கடல்

நம் புவியியல் வகுப்பறைச் சுவரில் தொங்கும் வங்கக் கடல் படத்தில் கரையோரமாக இரண்டு அம்புகள் உள்ளன. பிப்ரவரி முதல் மே வரை வடக்கு நோக்கி ஒன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கி மற்றொன்று. இந்தியக் கிழக்குக் கரையோர நீரோட்டம் என்பது பெயர். தேர்வுக்கு இது போதும். கடலுக்குப் போதாது என்பது என் கட்சி.

அம்பு என்பது பல ஆண்டுகளின் சராசரி. உண்மையான ஓட்டமோ வளைந்து நெளிந்து பெருஞ்சுழிகளை ஈன்று செல்வது. அச்சுழிகளின் விளிம்பில், ஒன்று முதல் பத்துக் கிலோமீட்டர் அளவிலான சின்னஞ்சிறு நீரெல்லைகள் தோன்றிச் சில நாட்களில் மறைகின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி கொட்டிய நன்னீர் கலந்து, உப்புக் குறைந்த நீர் தெற்கே வருகிறது. இலேசான அந்நீர் கனத்த உப்புநீரின்மேல் போர்வைபோல் படர்கிறது. இரண்டும் சந்திக்கும் கோட்டில் கனத்த நீர் அமிழ, அருகே அடிநீர் மேலெழுகிறது. பரந்த கடலில் நாளொன்றுக்கு ஒரு மீட்டர் அளவே ஏறி இறங்கும் நீர், இங்கே பல பத்து மீட்டர் நகரக்கூடும். அடிநீரோடு சத்து வரும், சத்தினால் நுண்பாசி, அதைத் தேடி மீன். நுரையும் பாசியும் நீளக் கோடாய்ச் சேர்ந்த இடம் பார்த்து வலை விடும் மீனவர் இதைப் படிக்காமலே அறிந்தவர். தென்கரையில் நீரோட்டத்துக்கு 'நீவாடு' என்று தனிச் சொல்லே உண்டு. (நம் பாடநூலுக்கு அது எட்டவில்லை!)

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. ஜனவரியோ இரண்டு அம்புகளுக்கும் இடைப்பட்ட மாதம். எண்ணெய் தெற்கே மெரினாவையும் தாண்டிக் கரை சேர்ந்தது. எந்தக் குப்பத்துக்கு எப்போது வரும் என்று படத்தைப் பார்த்து யார் சொல்லியிருக்க முடியும்? எஞ்சின் நின்று மிதக்கும் படகைத் தேடுவோருக்கும் இதே கேள்விதான்.

இதற்கென்றே சென்னையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறதே, கடலூரிலும் கல்பாக்கத்திலும் ராடார் இருக்கிறதே என்பர். உண்மை. ஆனால் ராடார் காண்பது மேல்நீரின் ஓட்டத்தை; நீரின் உப்பை அன்று. உப்பை அளக்க நம் வேதியியல் கூடத்துச் சில்வர் நைட்ரேட்டும் பியூரெட்டும் போதும்; இக்கரையில் வேறுபாடு அவ்வளவு பெரிது. நம் வகுப்பிலேயே கடலோரக் குப்பங்களிலிருந்து வரும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் படகுகள் கிலோமீட்டருக்கு ஒரு புட்டி நீர் கொண்டுவந்தால், அக்டோபரில் தொடங்கி டிசம்பருக்குள் நம் கரைக்கென ஒரு படம் வரைந்துவிடலாம். வேதியியல் துறை மாலையில் கூடத்தைத் திறந்து வைக்கட்டும். படகுக்கும் புட்டிக்கும் நான் பொறுப்பு.