நட்சத்திரம் தெரியும், பார்த்ததில்லை

அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் என்ன கேட்பார் என்பது நமக்கு மனப்பாடம். பெயர், நட்சத்திரம். "சுவாதி" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சட்டென்று பதில் சொல்லும். வரன் தேடும் வீடுகளில் அந்த ஒரு சொல்லை நம்பி ஜாதகங்கள் ஊர் ஊராகப் போய்வருகின்றன. அந்தச் சுவாதி வைகாசி இரவுகளில் நம் உச்சந்தலைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் எரிகிறது. இன்றிரவு நம் கண்ணில் படும் அதன் ஒளி, அங்கிருந்து கிளம்பி ஏறக்குறைய 37 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் வரிசையில் நிற்கும் சுவாதிக்காரர்களில் அதை ஒருமுறையாவது அண்ணாந்து பார்த்தவர் யார்?

தெருவிளக்கைக் குற்றம் சொல்வது சுலபம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நம் கண் வானத்தை விட்டு இறங்கியது மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே.

முன்பு அண்ணாந்து பார்த்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குப் புறநானூற்றின் 229ஆம் பாட்டு சாட்சி. பங்குனி முற்பாதி, நள்ளிரவு. ஓர் எரிமீன் விழுகிறது. கூடலூர் கிழார் அதைப் பார்க்கிறார். பார்த்ததோடு விடவில்லை. உச்சியில் இருந்த உத்தரம் சற்றே சாய்கிறது. எதிரே மூலம் எழுகிறது. மேற்கே மிருகசீரிடம் இறங்குகிறது. மீன்களை இப்படி அடையாளம் காட்டுவது பழைய உரை. விழுந்த எரிமீன் கிழக்கேயும் போகவில்லை, வடக்கேயும் போகவில்லை என்று திசையைக்கூட அவர் குறித்துவைக்கிறார். ஏழாம் நாள் அவருடைய மன்னன், யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை, இறந்துபோனான். எரிமீனுக்கும் மன்னன் சாவுக்கும் முடிச்சுப் போட்டது அந்தக் காலத்து நம்பிக்கை, அதை விட்டுவிடலாம். முடிச்சைக் கழித்த பிறகு மிஞ்சுவது, நேரமும் இடமும் பிசகாத ஒரு குறிப்பு.

பிசகவில்லை என்று எப்படிச் சொல்கிறேன்? நீங்களே சோதிக்கலாம். விண்மீன்கள் ஒவ்வொரு நாளும் சுமார் 4 நிமிடம் முந்தி உதிக்கின்றன, மாதத்துக்கு 2 மணி நேரம். பங்குனியில் நள்ளிரவுக்கு இருந்த வானம் சித்திரை பிறக்கும்போது 11 மணிக்கே வந்துவிடும், சித்திரை முடிவில் 9 மணிக்கு. அந்த நேரத்தில் மாடியேறிப் பாருங்கள். உத்தரம் உச்சியைத் தாண்டும்போது தென்கிழக்கே அடிவானில் மூலம் தலைகாட்டும், மேற்கே மிருகசீரிடம் மறையும். மூன்றும் இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன.

இனி 1825க்கு வருவோம். சென்னை வானாய்வுக் கூடத்தை 1805 முதல் 1811 வரை கவனித்துவந்த ஜான் வாரன் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்திக்கிறார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களையும் அசைகளையும் எண்களாக மாற்றி, அந்த ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் வெறும் 4 நிமிடப் பிழை. நடுவில் 23, முடிவில் 52. ஏட்டையும் எழுதுகோலையும் தொடாமல் இதைச் செய்த ஞாபகசக்தியை வாரன் தம் 'கால சங்கலித'த்தில் பதிவுசெய்தார். ஐரோப்பிய ஆய்வாளர்கள் பின்னாளில் வியந்து எழுதினார்கள்.

நானும் வியக்கிறேன், கொஞ்சம் வருத்தத்தோடு. அன்றிரவு கிரகணம் பிடித்த நிலவு கேட்டைக்குப் பக்கத்தில் நின்றிருக்கும். பஞ்சாங்கக்காரருக்கு அதை அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் இருந்தன. அவை நாக்கில் இருந்தால் போதும். கூடலூர் கிழாரின் கண்ணிலிருந்த வானம் இவரிடம் வாய்ப்பாடாகிவிட்டது. வாய்ப்பாடு பிறகு அச்சேறியது, கடைசியில் தினசரி கிழிக்கும் காலண்டரில் வந்து நின்றது. கல்யாண வீட்டைப் பாருங்கள்: காலை வெயிலில் அம்மி மிதித்து, பகல் வானத்தில் அருந்ததியைக் காட்டுகிறார்கள், மாப்பிள்ளையும் பெண்ணும் தெரிகிறது என்று தலையாட்டுகிறார்கள்!

இல்லாததை இருப்பதாகக் காட்டுவதில் வெள்ளைக்காரர்களும் ஒன்றும் சளைத்தவர்கள் அல்ல. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அந்தச் சென்னை வானாய்வுக் கூடத்தைக் கட்டியவர்கள், அதன் கருங்கல் தூணில் தமிழ் உள்பட பல மொழிகளில் எழுத்துப் பொறித்தார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்கள், ஆசியாவில் கணித அறிவியல் முதலில் எப்போது ஊன்றப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். அந்தத் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதே கூடத்தில்தான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வேலை பார்த்தார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவர். பஞ்சாங்கத்தின் கணக்கு வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடியதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. சனிப்பெயர்ச்சி பழைய வாக்கியப்படி ஒரு தேதி, வானத்தோடு ஒத்துப்போகும் திருக்கணிதப்படி இன்னொரு தேதி. இடையே மாதக்கணக்கில்கூட இடைவெளி விழுகிறது. இரண்டு கட்சியிலும் ஆள் இருக்கிறது. சனி என்பது வெறுங்கண்ணுக்கே தெரிகிற கிரகம் என்பதுதான் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை.

வெளிச்சம் பிறகு வந்து மிச்சத்தையும் அழித்தது. நுங்கம்பாக்கத்து வானம் போனபின் தொலைநோக்கிகள் ஜவ்வாது மலையில் காவலூருக்கு ஏறிவிட்டன. ஆனால் பிரகாசமான மீன்கள் சென்னை மொட்டை மாடியிலும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றுக்குத் தொலைநோக்கி தேவையில்லை. செல்போனை அணைத்துவிட்டு ஒரு கால் மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்கினால் போதும்.

மே நடுவில் இரவு 9 மணி. வடக்கே சப்தரிஷி மண்டலம் கவிழ்ந்த அகப்பை போலத் தொங்கும். அதன் காம்பில் நடு மீனை ஒட்டி மங்கலாக ஒன்று தெரிந்தால் அதுதான் அருந்ததி. கல்யாணத்தன்று தலையாட்டியவர்கள் இப்போது உண்மையாகவே பார்க்கலாம். காம்பின் வளைவை அப்படியே நீட்டினால் சுவாதி, இன்னும் நீட்டினால் வெள்ளை நிறத்தில் சித்திரை. சித்திரா பௌர்ணமியன்று முழுநிலவு நிற்பது இதன் அருகில்தான். மாதத்துக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். திரும்பித் தெற்கே பார்த்தால் அடிவானத்துக்குச் சற்று மேலே திரிசங்கு, ஒரு சின்னச் சிலுவை. சப்தரிஷியையும் திரிசங்குவையும் ஒரே நேரத்தில் காட்டும் வானம் லண்டன்காரருக்கு வாய்க்காது; நமக்கு வாய்த்திருக்கிறது.

ரோகிணி, திருவாதிரைக்காரர்கள் மார்கழி வரை காத்திருங்கள். கேட்டைக்காரர்கள் தென்கிழக்கே சிவப்பாக இருப்பதைத் தேடுங்கள். மூலம் என்றதும் வரன் வீட்டார் முகம் சுளிப்பதைப் பார்த்து நொந்தவர்கள், தேளின் கொடுக்கில் இருக்கும் உங்கள் மீனைப் பாருங்கள். கோடை வானத்தின் அழகான மூலை அதுதான். நம் பால்வீதியின் மையமும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அடிவானத்து மங்கலை விட்டு அது மேலே வர வேண்டும் என்பதால், நீங்கள் மட்டும் இன்னும் ஒன்றரை மணி நேரம் கண்விழிக்க வேண்டியிருக்கும்.