நம் மருத்துவத் தகவலை யாரிடம் கொடுப்பது?

வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளுள் கார்பமஸெபின் என்பதும் ஒன்று. பலருக்கு அது நல்ல பலன் தருகிறது. ஆனால், மிகச் சிலருக்கு, அதை உட்கொள்ளத் தொடங்கிய சில வாரங்களில் உடலெங்கும் கொப்புளங்கள் தோன்றி, தீக்காயம் பட்டதுபோல் தோல் உரிந்துவிடுகிறது. உயிரே போகலாம். சிலருக்கு மட்டும் ஏன் இப்படி நேர்கிறது என்பது நெடுங்காலம் புரியாமலேயே இருந்தது.

2004ஆம் ஆண்டில் தைவான் ஆய்வாளர்கள் விடை கண்டனர். இவ்வாறு பாதிக்கப்பட்ட 44 நோயாளிகளை அவர்கள் ஆராய்ந்தபோது, 44 பேரிடமும் ஒரே மரபணு வகை இருந்தது. அதே மாத்திரையை உட்கொண்டும் பாதிப்பு ஏற்படாத 101 பேரில் மூவரிடம் மட்டுமே அது காணப்பட்டது. அந்த மரபணு வகை சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அதிகம். இந்தியர்களிடம் ஓரளவு உண்டு. ஐரோப்பியர்களிடம் மிக அரிது. ஐரோப்பிய நோயாளிகளை மட்டும் ஆராய்ந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. இன்று சிங்கப்பூரில், ஆசியர் ஒருவருக்கு இந்த மாத்திரையை முதன்முதலாகக் கொடுக்கும் முன் மரபணுச் சோதனை செய்கிறார்கள். 2013ஆம் ஆண்டு முதல் இதுவே நடைமுறை.

ஒன்றரை நூறு பேரின் தகவலே இவ்வளவு பயன் தந்தது. நம் மருத்துவமனைகளிலும் பலதுறை மருந்தகங்களிலும் இலட்சக்கணக்கானோரின் தகவல்கள் சேர்ந்துகிடக்கின்றன. அவை ஆய்வாளர்களுக்கு இப்போது இருப்பதைவிட எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால், அதற்குத் தயங்குபவர்களை விவரம் அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 2018ஆம் ஆண்டில் சிங்ஹெல்த் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள், 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி போன்றவற்றைத் திருடினார்கள். அவர்களுள் ஏறத்தாழ 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் களவு போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களுள் ஒருவர். பிரதமரின் தகவலுக்கே அந்தக் கதி என்றால், நம்முடையது எம்மாத்திரம் என்று கேட்பதில் தவறில்லை.

‘பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நீக்கிவிட்டுக் கொடுத்தால் போதுமே’ என்று சிலர் சொல்வார்கள். போதாது. 1990களில் அமெரிக்காவின் மாசசூசட்ஸ் மாநிலம், அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்கு வழங்கியது. லத்தான்யா சுவீனி என்ற மாணவி 20 டாலருக்கு ஒரு வாக்காளர் பட்டியலை வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டார். ஆளுநரின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அவர் வாழ்ந்த நகரில் ஆறு பேர். அவர்களுள் ஆண்கள் மூவர். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் அவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவப் பதிவு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

இங்கே அது இன்னும் சுலபம். நம் ஆறிலக்க அஞ்சல் குறியீடு பெரும்பாலும் ஒரே கட்டடத்தைத்தான் குறிக்கும். உங்கள் புளோக்கில் உங்கள் பிறந்த தேதியிலேயே பிறந்த வேறொருவர் இருக்கிறாரா என்று யோசித்துப் பாருங்கள். இனத்தையும் சேர்த்துக்கொண்டால் தேடுபவரின் வேலை மேலும் எளிதாகிவிடும். சிறுபான்மையினரான நமக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் தகவல் ஆய்வில் இடம்பெறாவிட்டால் நமக்கு ஏற்ற மருத்துவம் கிடைக்காது. இடம்பெற்றாலோ, எண்ணிக்கையில் குறைந்த நம்மை அடையாளம் காண்பது எளிது.

இதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிடலாமா? தகவல் கசிந்தால் அது தலைப்புச் செய்தியாகிறது. கண்டுபிடிக்கப்படாமல் போன ஒரு பக்கவிளைவால் இறந்தவரைப் பற்றி எந்தச் செய்தியும் வருவதில்லை. பூட்டி வைப்பதும் ஆபத்துதான். அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

தகவலை ஆய்வாளரிடம் அனுப்புவதற்குப் பதிலாக, ஆய்வாளரின் கேள்வியைத் தகவல் இருக்கும் இடத்துக்கு அனுப்பலாம். இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டில், கொவிட்-19 பரவிய வேளையில், ‘ஓப்பன்சேஃப்லி’ என்ற அமைப்பு அப்படித்தான் செய்தது. ஆய்வாளர்கள் போலித் தகவலை வைத்துக் கணினி நிரல் எழுதினார்கள். உண்மையான பதிவுகள் தம் இடத்தைவிட்டு நகரவில்லை. நிரல்தான் அங்கே சென்று இயங்கியது. சரிபார்க்கப்பட்ட அட்டவணைகள் மட்டுமே வெளியே வந்தன. யார், எப்போது, எந்த நிரலை இயக்கினார் என்பதைப் பொதுமக்களும் பார்க்கலாம். 17 மில்லியனுக்கும் அதிகமான பெரியவர்களின் பதிவுகள் இப்படி ஆராயப்பட்டன. தெற்காசியர்களுக்குக் கொவிட்-19 கிருமித்தொற்றால் இறக்கும் அபாயம் வெள்ளையர்களைவிட அதிகம் என்பது அதில் தெரியவந்தவற்றுள் ஒன்று.

இந்த முறையில் ஆய்வு மெதுவாக நடக்கும், செலவு கூடும் என்று ஆய்வாளர்கள் சிலர் முணுமுணுக்கக்கூடும். முணுமுணுக்கட்டும். என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. எந்த ஆய்வுக்கு எந்தத் தகவல் பயன்பட்டது, அதனால் என்ன தெரியவந்தது என்பதைப் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தவர்களால் மட்டுமே தெரிந்துகொள்ள முடிகிறது. என் அம்மா மாதந்தோறும் பலதுறை மருந்தகத்துக்குச் செல்கிறார். நாள்தோறும் தமிழ்ச் செய்தித்தாள் வாசிக்கிறார். அவருடைய நீரிழிவுப் பதிவும் ஓர் ஆய்வில் பயன்பட்டிருந்தால், அந்த ஆய்வின் முடிவை அவர் தமிழில், ஒரே பக்கத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வழி செய்ய வேண்டும்.