மலை மேல் பழி போடலாமா?



போடியில் விடியுமுன்னே ஜீப்புகள் நிரம்பிவிடும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். காய் செடியின் அடித்தூரில் பிடிப்பது. நாள் முழுக்கக் குனிந்தே எடுக்க வேண்டும். மூச்சு வாங்குதா என்று கேட்டால், "மேடு ஏறினா வாங்கத்தானே செய்யும்" என்பார்கள்.

பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ரத்தசோகையும் ஆஸ்துமாவும் காசநோயும் அதே மூச்சிரைப்புக்குள் ஒளிந்திருக்கும். மிக அபூர்வமாக, மார்புக்குள் வளரும் கொழுப்புக் கட்டியும்.

முதுகிலோ கையிலோ வரும் கொழுப்புக் கட்டி நாம் பார்த்ததுதான். விரலால் தள்ளினால் நழுவும், வலிக்காது. விலா எலும்புக்கு உள்ளே வந்தால் கைக்கு அகப்படாது. தைமஸ் சுரப்பியில் தோன்றும் 'தைமோலிப்போமா' இன்னும் விசித்திரம். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சுரப்பி, பிள்ளைப் பருவத்தில் பெரிதாயிருந்து வயதாக ஆகச் சுருங்குவது. அதில் கொழுப்பு திரண்டு, ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து, இதயத்தின் பக்கவாட்டில் சரிந்து உதரவிதானம் வரை படிந்துவிடும். எக்ஸ்ரேயில் இதயமே வீங்கியதுபோலத் தெரியும். சரியான ஏமாற்றுக்காரக் கட்டி!

குட்டு உடைவது சி.டி. ஸ்கேனில். அதை உருவாக்கியதற்காக 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் வழங்கும் அளவுகோலில் தண்ணீருக்கு 0. கொழுப்பு அதற்கும் கீழே, மைனஸ் 100-ஐ ஒட்டி நிற்கும். அதைப் பார்த்த மாத்திரத்தில் நிம்மதியாகிவிடவும் முடியாது, கொழுப்புத் திசுவில் புற்றுநோயும் வரும். அறுவை செய்து எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் உறுதியாகும். சாதுவான கட்டி என்றால், முழுதாக எடுத்தபின் திரும்ப வருவது அரிது.

இத்தனை அபூர்வமானதற்கு ஒரு பக்கமா என்று கேட்பீர்கள். இதய வீக்கமோ, காசநோயோ, இந்தக் கட்டியோ, எல்லாவற்றுக்கும் முதல் வாசல் அதே ஒரு எக்ஸ்ரேதான். நாமோ மலை மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம்.

உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், மல்லாந்து படுத்தால் நெஞ்சு பாரமாக இருந்தால், இருமல் இரண்டு வாரம் தாண்டினால், ஒரு நாள் கூலியைப் பார்க்காமல் போடி அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். மேல்சிகிச்சைக்குக் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போக மறக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்