ஆழத்தில் கேட்ட வினா

அகிலம் தோன்றியது எவ்வாறு, ஆண்டவன் உண்டா இல்லையா என்னும் வாதம் தங்கவயல் மேடைகளுக்குப் புதிதன்று. அறிவியல் கடவுளை மெய்ப்பித்துவிட்டது என்பர் ஒரு சாரார். ஒழித்தேவிட்டது என்பர் மறு சாரார். இரு கூற்றையும் நாம் மறுக்கின்றோம். அறிவியலைச் சாட்சிக்கு அழைப்போர், நம் காலடியில் அது நடந்துகொண்ட முறையை அறிவரா?

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், 1965ஆம் ஆண்டு இந்திய, சப்பானிய, ஆங்கிலேய அறிஞர்கள் விண்கதிர்களால் காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டனர். 1980களில் 140 டன் எடையுள்ள கருவி அமைத்து, புரோட்டான் சிதையுமா என்று ஆராய்ந்தனர். ஆதியில் எதிர்ப்பொருளோடு மோதி அழியாது பொருள் எஞ்சியது ஏன் என்னும் புதிரோடு தொடர்புடைய வினா அது. சிதைவெனக் கருதத்தக்க சில நிகழ்வுகளை அவர்கள் அறிவித்தனர். பிற நாடுகளின் பெரிய கருவிகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. இன்றளவும் அச்சிதைவு காணப்படவில்லை.

கண்டதைப் பிறர் சோதனைக்கு ஒப்படைத்தல் அறிவியலின் நெறி. பொருளின் கதையையே இன்னும் முடிக்காத அது, பொருளுக்கு அப்பாற்பட்டதைத் தீர்த்துவிட்டதாக முழங்குதல் தகுமோ?

நம்புவோர் நம்புக, மறுப்போர் மறுக்க. ஆயின், அறிவியல் கூறாததைக் கூறியதாக உரைக்கற்க. பிழைக்க வந்த நம் முன்னோர் உயிரைப் பணயம் வைத்துத் தோண்டிய ஆழம் அது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது, பொன் போயிற்று. அங்குக் கேட்கப்பட்ட வினாவையேனும் நம் பிள்ளைகளுக்கு அளிப்போம்.