பதினான்காவது பேறு

காதலைப் பற்றிப் பேசவந்த கவிஞர் எவரும் தாஜ்மஹாலைத் தொடாமல் கவியரங்க மேடையைவிட்டு இறங்கியதாக நமக்கு நினைவில்லை. வெண்பளிங்கு வரும், யமுனை வரும், நிலவும் தவறாமல் வரும். அங்கே துயில்பவள் எப்படி இறந்தாள் என்பது மட்டும் வருவதில்லை.

1612இல் மணம்புரிந்த மும்தாஜ் 19 ஆண்டுகளில் 14 குழந்தைகளைப் பெற்றாள். தக்காணப் போருக்குப் போன ஷாஜஹானுடன் சென்றிருந்தவள், 1631 ஜூனில், தபதி ஆற்றங்கரையிலுள்ள புர்ஹான்பூரில், பதினான்காவது பேற்றோடு உயிர்நீத்தாள். வயது 38. பெற்றவற்றுள் சரிபாதி, ஏழு குழந்தைகளே வளர்ந்து ஆளாயினர்.

"நாலைந்து பெற்றவளுக்கு இதென்ன புதிதா?" என்னும் பேச்சைக் கேட்டே நாம் வளர்ந்தோம். அது பாதி உண்மை. ஆகவேதான் பொய்யினும் கொடியது. பலமுறை பெற்றவளுக்கு வலியெடுத்தபின் குழந்தை விரைவாகப் பிறப்பதுண்டு. ஆபத்து அதன்பிறகே தொடங்குகிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் வாய்திறந்து நிற்கும் இரத்தக்குழாய்களைக் கர்ப்பப்பைத் தசைதான் இறுகிச் சுருங்கி அடைக்கவேண்டும். மீண்டும் மீண்டும் விரிந்து தளர்ந்த தசை சிலவேளை அதைச் செய்யத் தவறிவிடுகிறது. உதிரம் நிற்பதில்லை. அடுத்தடுத்த பேறுகளால் சோகை பிடித்த உடம்பில் இழப்பதற்கும் அதிகமில்லை. வயிற்றுத்தசை தளர்ந்திருப்பதால் குழந்தை குறுக்கே கிடப்பதும், நஞ்சுக்கொடி கீழிறங்கி வழியை மறிப்பதும் இத்தகையோரிடம் மிகுதி. அவ்வேளைகளில் குழந்தையின் உயிரும் ஊசலாடும்.

டப்ளின் மகப்பேறு மருத்துவர் பெத்தல் சாலமன்ஸ் 1934இல் லான்செட் இதழில் இதைக் குறித்து எழுதினார். 'அபாயகரமான பலபேற்றுத் தாய்' என்று பொருள்படும் தலைப்பு. சொல்லைப் பிடித்துத் தொங்குவது நம் தொழில். அதனால் கேட்கிறோம்: அபாயம் அவளுக்கா, அவளாலா? நல்ல மருத்துவம் எட்டும் இடங்களில், வயதையும் வறுமையையும் கணக்கிற்கொண்டு பார்த்த பிற்கால ஆய்வுகள் பலவற்றில் பேற்றெண்ணிக்கையின் பங்கு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அப்படியானால் அபாயத்தின் பெரும்பகுதி அவள் உடம்பில் இல்லை. அவளுக்கும் மருத்துவமனைக்கும் இடையிலுள்ள தூரத்தில் இருக்கிறது.

'பதினாறும் பெற்று' என்னும் வாழ்த்தை வகுப்பில் விளக்கும்போது, அது பிள்ளைகளை அன்று, கல்வி முதலிய பேறுகளையே குறிக்கும் என்று வழக்கம்போல் உரை சொன்னோம். ஒரு மாணவி எழுந்து, "ஐயா, பதினொன்று பெற்ற எங்கள் பாட்டிக்கு இதை யாரும் சொல்லவில்லையே" என்றாள். உரையாசிரியர் எவரும் நமக்குக் கைகொடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் இன்று ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள்கூட இல்லை. ஐந்தாம் பேறு அரிதாகிவிட்டது. நைஜரிலும் சாடிலும் சராசரியே ஆறை ஒட்டி நிற்கிறது. அரிதான இடத்தில் வேறொரு கேடு உண்டு: எவரும் அதற்கு ஆயத்தமாக இருப்பதில்லை. எங்கோ ஒருத்தி ஐந்தாவதைச் சுமந்து வந்தால், 'பழகிய உடம்பு' என்று வரிசையில் பின்னுக்குத் தள்ளாமல், இரத்தம் கையிருப்பில் உள்ள மருத்துவமனைக்கு அவளையே முதலில் அனுப்பவேண்டும். குழந்தை பிறந்தவுடன் போடும் ஆக்ஸிடோசின் ஊசிக்கு அப்படியொன்றும் பெரிய விலையில்லை.