அளந்தறிந்த துயருக்கு ஆறுதல் எப்போது?

யுத்தம் 2009 மே மாதத்தில் ஓய்ந்தது. இடிந்த வீடுகளும் உடைந்த பாலங்களும் கணக்கெடுக்கப்பட்டன. வீதிகள் செப்பனிடப்பட்டன. மீளக்குடியமர்ந்தோரின் தொகை அவ்வப்போது அறிவிக்கப்பட்டது. ஆயினும், திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த மக்களின் உள்ளங்களுக்கு நேர்ந்த சேதத்தைக் கணக்கிடும் பணி அரசின் நிகழ்ச்சி நிரலில் முன்னுரிமை பெற்றதில்லை. அப்பணியைப் பெரும்பாலும் ஆய்வாளர்களும் ஒரு சில வைத்தியர்களுமே சுமந்து வந்துள்ளனர். அவர்கள் கண்டறிந்தவை எவை, அவற்றால் பாதிக்கப்பட்ட மக்கள் அடைந்த பயன் யாது என்பதை நோக்குவது காலத்தின் தேவையாகும்.

இத்துறையில் முன்னோடியாக விளங்குபவர் யாழ். பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம். குண்டுவீச்சுக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே யாழ்ப்பாணத்தில் நோயாளரைப் பராமரித்தவாறே ஆய்வுகளையும் மேற்கொண்டவர் அவர். யுத்தத்தின் பாதிப்பைத் தனிமனிதரின் நோயாக மாத்திரம் நோக்கினால் அதன் முழுப் பரிமாணமும் புலப்படாது என்பதும், குடும்பம், அயல், சமூகம் என்பவற்றைப் பிணைத்திருந்த நம்பிக்கையே சிதைந்து போயிற்று என்பதும் 2007 இல் வெளியான அவரது ஆய்வின் சாரமாகும். இதனையே அவர் கூட்டு மனவடு என்கிறார். கோயில் திருவிழாவும் பள்ளிவாசல் ஜமாஅத்தும் மரணச் சடங்கும் அயலவரின் துணையும் எமது மக்களின் துயரை ஆற்றி வந்தவை. இடப்பெயர்வு முதலிற் பறித்துக்கொண்டவையும் அவையே.

யுத்தம் முடிந்த சில மாதங்களில், 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு நிலையத்தின் ஆய்வாளர்கள் யாழ். மாவட்டத்தில் ஓர் ஆய்வை மேற்கொண்டனர். 2011 இல் வெளியான அதன் முடிவுகளின்படி, ஆய்வுக்குட்பட்டோரில் 7 சதவீதத்தினரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளும், 22.2 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 32.6 சதவீதத்தினரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும் காணப்பட்டன. அவ்வேளை இடம்பெயர்ந்த நிலையில் வாழ்ந்தோரை மாத்திரம் எடுத்துக்கொண்டால் இவ்வீதங்கள் முறையே 13, 41.8, 48.5 ஆக உயர்ந்திருந்தன. அதாவது, அவர்களுள் ஏறக்குறைய இருவருக்கு ஒருவர் பதகளிப்போடு வாழ்ந்தனர். முகாம் வாழ்க்கையை வெறும் இருப்பிடப் பிரச்சினையாகக் கருதும் நிருவாகத்தினர் இவ்வெண்களை நினைவிற் கொள்ள வேண்டும்.

இதனோடு ஒப்புநோக்க வேண்டிய மற்றோர் ஆய்வு புத்தளத்தில் நடைபெற்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப்புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75 ஆயிரம் முஸ்லிம்களுள் பெரும்பாலானோர் புத்தளத்திலேயே தஞ்சமடைந்தனர். இரு தசாப்தங்கள் கடந்த பின்னரும் அங்கு வாழ்ந்த அம்மக்களுள் 450 பேரை ஆய்வாளர் செஸ்மால் சிறிவர்தன தலைமையிலான குழு ஆராய்ந்தது. 2013 இல் வெளியான முடிவுகளின்படி, அவர்களுள் 18.8 சதவீதத்தினர் பொதுவான உளநோய்களுள் ஏதேனும் ஒன்றினால் பாதிக்கப்பட்டிருந்தனர். மனவடு நோய் 2.4 சதவீதத்தினரிடமே காணப்பட்டது. ஆனால் உள்ளத்தின் வேதனை உடல் உபாதையாக வெளிப்படும் நிலை 14 சதவீதத்தினரிடம் இருந்தது. தொழிலின்மை, கணவனையோ மனைவியையோ இழந்த அல்லது பிரிந்த நிலை, உணவுக்கான உத்தரவாதமின்மை ஆகியன இப்பாதிப்புகளோடு நெருங்கிய தொடர்புடையனவாகக் காணப்பட்டன.

இம்முடிவு ஆழ்ந்த கவனத்துக்குரியது. தலையிடி, நெஞ்சடைப்பு, உடம்பு உளைவு என்று வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்பவர்களுள் பலர் உண்மையிற் சுமந்து வருவது உள்ளத்தின் பாரமே. மாத்திரை கொடுத்து அனுப்பப்படும் அவர்கள் அடுத்த மாதமும் அதே வரிசைக்குத் திரும்புகின்றனர். அத்துடன், பழைய கொடுமையின் நினைவுகளுக்குச் சற்றும் குறையாமல், இன்றைய வறுமையும் நிச்சயமின்மையும் உள்ளத்தை வருத்துகின்றன. காணியும் தொழிலும் உணவும் உறுதிப்படுத்தப்படாமல் உளவளத்துணை மாத்திரம் வழங்குவது, ஒழுகும் கூரையின் கீழே பாத்திரம் வைப்பதற்கு ஒப்பானது.

நல்லெண்ணம் மாத்திரம் போதாது என்பதற்கும் எமது மண்ணிலேயே சான்றுண்டு. வடபகுதிப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளிடையே நடத்தப்பட்ட உளசமூகச் செயற்றிட்டமொன்றின் மதிப்பீடு 2012 இல் வெளியானது. முக்கிய எதிர்பார்ப்புகளில் ஒட்டுமொத்தமான முன்னேற்றம் எதனையும் அத்திட்டம் காட்டவில்லை. பிள்ளைகளின் நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. ஆண்பிள்ளைகளுக்கும் யுத்த நெருக்கடி குறைந்த சூழலில் வாழ்ந்த பிள்ளைகளுக்கும் சில நன்மைகள் கிட்டின. ஆனால், திட்டத்திற் பங்குபற்றிய பெண்பிள்ளைகளிடம் மனவடு அறிகுறிகள் குறைந்த அளவு, அதிற் பங்குபற்றாது காத்திருந்த பெண்பிள்ளைகளிடம் குறைந்த அளவிலும் குறைவாகவே இருந்தது. இதனை மறைக்காமல் வெளியிட்ட ஆய்வாளர்கள் பாராட்டுக்குரியவர்கள். 2004 ஆழிப்பேரலையின் பின்னரும் 2009 இன் பின்னரும் உளவளத்துணை என்ற பெயரில் வந்திறங்கிய திட்டங்கள் எத்தனை? அவற்றுள் இவ்வாறு நேர்மையாக மதிப்பிடப்பட்டவை எத்தனை?

இனிச் செய்ய வேண்டியது என்ன என்பதிலும் ஆய்வாளர்களிடையே பெரிதும் உடன்பாடு காணப்படுகிறது. மோதல்களால் பாதிக்கப்பட்ட பிரதேசங்களில் ஐவரில் ஒருவருக்கு மேற்பட்டோர், அதாவது 22.1 சதவீதத்தினர், உளநோயோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் 2019 இல் மதிப்பிட்டது. இத்தொகையினர் அனைவரையும் நிபுணர்களே பார்ப்பதென்பது செல்வந்த நாடுகளிற்கூட இயலாத காரியம். எனவே, கிராமத்துக்கு அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களின் வைத்தியரையும் தாதியரையும் பொதுச் சுகாதாரப் பணியாளரையும் பயிற்றுவிப்பதே நடைமுறைக்குரிய வழியாகும். சிறிவர்தன 2017 இல் காலமாவதற்கு முன் வடமாகாணத்துக்கென வடிவமைத்த ஆய்வும் இந்நோக்கத்தையே கொண்டிருந்தது. நாட்டின் 2005 ஆம் ஆண்டு உளநலக் கொள்கையும் சேவைகளைச் சமூகத்துக்கு அண்மையிற் கொண்டுசெல்வதையே வலியுறுத்தியது. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து பெருந்தொகையான வைத்தியர்கள் நாட்டை விட்டு வெளியேறியதனால், பயிற்சி பெற்றோரைத் தக்கவைப்பதே பெரும் சவாலாகியுள்ளது.

இந்நிலையில் மூன்று விடயங்களை வலியுறுத்த விரும்புகின்றோம். முதலாவது, உளநலப் பணியாளர்கள் நிதியுதவித் திட்டங்களோடு வந்து அவற்றோடு போய்விடுபவர்களாக இருத்தலாகாது. தமிழ் மொழியிற் பணியாற்றக்கூடிய பயிற்சி பெற்றோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நிரந்தரமான அரச நியமனங்கள் வேண்டும். இரண்டாவது, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு உண்மையை வெளிப்படுத்துவது அரசியற் கடப்பாடு மாத்திரமன்று, அதுவே சிகிச்சையுமாகும். உயிருடன் இருப்பதாக நம்பவும் முடியாமல், இறந்ததாக ஏற்றுக் கிரியை செய்யவும் முடியாமல் தவிக்கும் தாய்க்கு எந்த உளவளத்துணையும் முழு ஆறுதலைத் தந்துவிடாது. மூன்றாவது, ஆய்வுகளின் முடிவுகள் தமிழில் எழுதப்பட்டு, கேள்விகளுக்கு விடையளித்த மக்களின் கிராமங்களுக்கே எடுத்துச் செல்லப்பட வேண்டும்.

முல்லைத்தீவின் தமிழ்த் தாயும் புத்தளத்தில் வாழும் வடபுலத்து முஸ்லிம் தாயும் இழந்தவை வெவ்வேறு. இழக்கச் செய்தவர்களும் வெவ்வேறு. அவர்களிடம் ஆய்வுகள் கண்ட துயரத்தின் சாயலோ ஒன்று. இரு சமூகங்களும் தத்தம் வேதனையையே தனித்துப் பேசிவரும் நாட்டில், இந்த ஆய்வுகள் இரு துயரங்களையும் அருகருகே வைத்துக் காண வழிசெய்துள்ளன. வினாக்கொத்துக்கு விடை சொல்லிக் களைத்துப்போன மக்களுக்கு இனித் தேவைப்படுவது, அந்த விடைகளின் அடிப்படையிலான நடவடிக்கையே. அதற்கான பொறுப்பை மத்திய சுகாதார அமைச்சும் மாகாண சுகாதாரத் திணைக்களங்களும் இனியும் தட்டிக்கழித்தலாகாது.